பாக்கெட்டின் விலாப்புறம்

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில், அதிலும் பெரும்பகுதி சரக்கு வேகன்களோடு காலம் தள்ளியவன் நான். டிப்ளமா முடித்த கையோடு வேலை கிடைத்து, பொன்மலையை விட்டு நாக்பூர் பக்கம் வந்து, இங்கேயே ரிட்டயரும் ஆகிவிட்டேன். அந்த முப்பத்தாறு வருஷப் படிப்பை ஒரு பிஸ்கட் பாக்கெட்டிடம் கோட்டைவிட்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு தடவை உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

யார்டில் ஒரு வேகன் வந்து நின்றால் நாங்கள் அதன் அழகைப் பார்ப்பதில்லை. நேரே விலாப்புறத்துக்குப் போவோம். அங்கேதான் வெள்ளை எழுத்தில் அதன் ஜாதகம் இருக்கும். என்ன ரகம், என்ன நம்பர், காலியாக எத்தனை டன், எவ்வளவு சரக்கு ஏற்றலாம், கடைசியாக எந்த ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்த்தது, மறுபடி எப்போது போக வேண்டும், எல்லாம் எழுதியிருக்கும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனின் மூல வடிவமைப்பில் காலி எடை 22.47 டன், சரக்கு 58.81 டன், ஆக மொத்தம் 81.28 டன். நான்கு அச்சுக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 20.32 டன். கணக்குக்கு மேல் ஏற்றினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. நூறு கிலோமீட்டர் தள்ளி எங்கோ அச்சு சூடாகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

என் உடம்பிலும் அப்படித்தான் நடந்தது.

ரிட்டயர் ஆன மறு வருஷம் சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.8. மாத்திரை எழுதிக் கொடுத்து, வாயைக் கட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அடியேன் ஆராய்ச்சியில் இறங்கினேன். எதிரி யார் என்று பார்த்தால், அரிசி! அதாவது, என் மனைவி. அவள்தானே முப்பத்தைந்து வருஷமாக வடித்துக் கொட்டினவள். காலை நாலு இட்லியை இரண்டாக்கினேன். பொங்கலுக்குத் தடை போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் லெக்சர் வேறு. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காகத் தனியாகக் கோதுமை ரவை கிளறினாள். நான் பார்த்து ஏங்கக் கூடாதென்று அப்பளம் பொரிப்பதையே விட்டாள்.

மாலை டீக்கு மட்டும் நானே கடைக்குப் போய் ‘ஆரோக்கியமான’ ராகி பிஸ்கட் வாங்கி வருவேன். பாக்கெட்டின் முகத்தில் ராகிக் கதிர், பச்சை வயல், ஓடுகிற ஒரு மனிதர். ஆறு பிஸ்கட், குற்ற உணர்ச்சியே இல்லாமல். ராகி ஆச்சே!

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 7.4. “நீ சாம்பாரில் வெல்லம் போடுகிறாய்” என்று அதற்கும் மனைவியிடமே குறை கண்டுபிடித்தேன்.

தீபாவளிக்குப் பூனாவிலிருந்து பேத்தி வந்திருந்தாள். பத்து வயசு. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பாக்கெட்டின் பொடி இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் ஏதோ பிராஜெக்டாம். என் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது ராகி பிஸ்கட் இல்ல, மைதா பிஸ்கட்” என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாக்கெட்டின் விலாப்புறத்தைப் படித்தேன். மைதா 54 சதவீதம். அடுத்தது சர்க்கரை. அடுத்தது பாமாயில். அதற்கப்புறம்தான் ராகி, 9 சதவீதம்!

இதில் கம்பெனிக்காரனைத் திட்டிப் பயனில்லை. அவன் எதையும் மறைக்கவில்லை. சட்டப்படி எழுத வேண்டியதை எழுதியிருந்தான். படிக்காதது நான். அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும், அடுத்தடுத்து இறங்கு வரிசை. இது விதி. பெயரிலோ படத்திலோ எந்தப் பொருளைப் பெருமையடிக்கிறார்களோ, அது எத்தனை சதவீதம் என்றும் போட்டாக வேண்டும். சர்க்கரைக்கு மட்டும் பல புனைபெயர்கள் உண்டு. இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் ஒரே குடும்பம்தான். வெல்லமும் தேனும்கூட அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தி வீடுதான். ஒரே பட்டியலில் மூன்று பேர் தனித்தனியாக, வரிசையில் பின்னால் நின்றால், மூவரையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, சத்து அட்டவணை. நூறு கிராமில் எவ்வளவு என்று அதில் இருக்கும். நாம் எவ்வளவு தின்கிறோம் என்று இருக்காது. என் பிஸ்கட் ஒன்று 8 கிராம். ஆறுக்கு 48 கிராம். நூறு கிராமுக்கு 480 கலோரி என்று போட்டிருந்தது. ஆக, என் டீ நேரம் 230 கலோரி. வீட்டு இட்லி ஒன்றுக்கு ஏறக்குறைய 58 கலோரி என்று வைத்தால், அது நாலு இட்லி! காலையில் வீரமாக இரண்டு இட்லியைத் தள்ளிவிட்டு, மாலையில் மாறுவேஷத்தில் வந்த நாலு இட்லியை விழுங்கியிருக்கிறேன். போதாததற்கு, இட்லியில் இல்லாத சர்க்கரையும் பாமாயிலும் இலவச இணைப்பு.

மூன்றாவது, ‘சுகர் ஃப்ரீ’ என்ற மந்திரம். நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லையென்றால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மைதா அப்படியே இருக்கும். மைதாவும் வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும். கார்போஹைட்ரேட் என்ற வரியையும் பாருங்கள்.

நான்காவது, உப்பு. சோடியம் என்ற பெயரில், மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, அதுதான் எல்லை. பிரஷர் உள்ளவர்கள் மிக்ஸர் பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், பாதி ஆசை அடங்கிவிடும்.

ஐந்தாவது, பர்ஸ். முன்பு பிஸ்கட், டீ, சோப்பு போன்ற சாமான்களை இன்னின்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. 2021-இல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிடச் சொன்னார்கள். விலை அப்படியே இருந்து பிஸ்கட் மட்டும் இளைத்துப் போவது (பாக்கெட் டயட்டில் இருக்கிறது போலும்!) அந்த வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்ற நம்பிக்கையும் சில சமயம் பொய்த்துப் போகும்.

‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இதைச் சுட்டிக்காட்டி, ஆன்லைன் கடைகள் அந்தத் தலைப்பின் கீழ் பானங்களை வைக்கக் கூடாது என்றது. தலைமுறை தலைமுறையாக நாம் பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுத்த பொடிகளை நினைத்துக்கொண்டேன்.

இத்தனையும் சொன்னதால் வீட்டுப் பலகாரம் பரிசுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சு முறுக்குக்கும் அதிரசத்துக்கும் லேபிள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு வெல்லம் என்று சுட்டவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாக்கெட்டில் கட்டாயமாக இருக்க வேண்டிய எழுத்து இங்கிலீஷோ இந்தியோதான். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் நம் பெரியவர்கள் பலருக்கு இரண்டும் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளை உட்காரவைத்து, பாட்டிக்கு வாரம் ஒரு பாக்கெட்டைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்கு உடம்பு பிழைக்கும், பிள்ளைக்குத் தமிழ் பிழைக்கும்.

பேத்தி ஊருக்குப் போன அன்று ராத்திரி, சமையலறை வாசலில் நின்று மனைவியிடம், “உன்னைத் தப்பாகப் பேசிவிட்டேன்” என்றேன். டிராக் பக்கத்தில் நின்று கத்தியே பழகின தொண்டை, இந்த ஒரு வரிக்குக் கம்மியது. அவள் மாவை மூடி வைத்துவிட்டு, “அந்தப் பாக்கெட்டை என்ன செய்றதுங்க?” என்று மட்டும் கேட்டாள்.

போன மாத ரிப்போர்ட்டில் 6.9. டாக்டர் சொன்ன மாத்திரையும் நடையும் தொடர்கின்றன. காலையில் மூன்று இட்லி. நான்காவதைக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.