ஜொகூர்த் தமிழரின் சீனியும் சமையற்கட்டுச் செலவும்

மலேசியாவில் சாதாரணச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 சென்னுக்கு மேல் விற்கப்படலாகாது என்று அரசு உச்சவிலை விதித்திருக்கிறது. ஒரு கிராம் சீனி 4 கலோரி ஆற்றல் தருவதால், அந்த ஒரு கிலோப் பொட்டலத்தில் வளர்ந்த ஒருவரின் ஏறத்தாழ இரண்டு நாள் தேவைக்கான ஆற்றல் அடங்கியிருக்கிறது. சீனியோடு உள்நாட்டு வெள்ளை அரிசி, பொட்டலக் கோதுமை மாவு, பாக்கெட் சமையல் எண்ணெய் ஆகியவையும் விலைக்கட்டுப்பாட்டுக்குள் இருக்க, மீனும் காய்கறியும் பருப்பும் சந்தைக்கேற்ப ஏறி இறங்குகின்றன. ஆகவே வருமானம் குறைந்த குடும்பம் ஒன்றின் தட்டில் மாவும் இனிப்பும் மிகுந்திருப்பதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது; கையிலுள்ள காசுக்கு வயிறு நிறைய வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

அந்தக் கணக்குக்கு உடல் கொடுக்கும் விலையோ பெரிது. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தங்கிவிடும் நீரிழிவை மலேசியத் தமிழர் 'இனிப்புநீர்' என்றே பெரும்பாலும் சொல்கின்றனர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகவும், இந்திய வம்சாவளியினரிடையே அது 31.4 விழுக்காடு என்றும் கண்டது. மூன்று பெரியவர்கள் உள்ள ஒரு தமிழ் வீட்டில் ஏறத்தாழ ஒருவர் என்று கொள்ளலாம். சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் நிலைக்கு நாட்டில் முதற்காரணமாக இருப்பதும் இந்நோயே.

மரபுக்கூறும் இதில் பங்கு வகிக்கிறது என்றாலும், வாழ்ந்த வாழ்க்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜொகூரின் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு இனிப்புத் தூக்கலான கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, காலை உணவில் பாதியாக இருந்தது. மேடு பள்ளத்தில் மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி சுமந்த உடல் அந்தச் சீனியை எரித்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் கோழியும் இருந்தமையால் கறிக்குப் பெரிய செலவும் இல்லை. தோட்டங்கள் கைமாறி, அங்கிருந்தவர்கள் மாசாய், பாசீர் கூடாங், ஸ்கூடாய்த் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்தபோது நடையும் பின்கட்டுக் கீரையும் தோட்டத்திலேயே தங்கிவிட, கோப்பியின் இனிப்பு மட்டும் கூடவே வந்தது. ஆலையில் மாறுமுறை வேலையும், சிங்கப்பூருக்கு விடியற்காலை மோட்டார்சைக்கிள் பயணமும் அந்த இனிப்பை எரிக்கப் போதுமானவை அல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 'கட்டற்ற சர்க்கரை' ஒருவரின் அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கட்டற்ற சர்க்கரை என்பது உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனியோடு, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் குறிக்கும். கருப்பட்டியும் கூலா மெலாக்கா எனும் தென்னை வெல்லமும் இதில் அடங்கும் என்பதால், வெள்ளைச் சீனிக்குப் பதில் அவற்றை அள்ளிப் போடுவதில் இனிப்புநீர்க்காரருக்கு ஆதாயம் இல்லை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு மேல்வரம்பு 50 கிராம். இனி, இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரேக் ஒரு கிளாஸைப் பார்ப்போம்: அடியில் கெட்டியாகப் படியும் டின் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே 20 கிராம் ஆகிவிடுகிறது, அதன்மேல் கடைக்காரர் சீனியும் போடுவதுண்டு. இன்று விற்கப்படும் டின்களில் பல, பாற்கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமரே என்பதை 'கிரிமெர் மானிஸ்' என்ற சொல் உறையிலேயே காட்டிக்கொடுக்கும்.

கடையில் சொல்லும் சொல்லே இங்கு மருந்தாகிறது. 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறையும், நீங்காது. 'தே சி கோசோங்' என்றால் இனிப்பில்லாத பாலோடு சீனியில்லாத தேநீர் கிடைக்கும். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. நாக்கு சில வாரங்களில் குறைந்த இனிப்புக்குப் பழகிவிடும் என்பதால், ஒரேயடியாக நிறுத்த முடியாதவர் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்து வரலாம். வெளியே ஒரு கிளாஸ் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு குடிக்கும் ஒருவருக்கு மாதம் 120 ரிங்கிட் செலவாகிறது. வீட்டில் சீனியில்லாமல் கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிச் செல்பவருக்கு இதில் பெரும்பகுதி மிஞ்சும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள புட்டிப் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. அது 2024இல் 50 சென்னாகவும் 2025இல் 90 சென்னாகவும் உயர்ந்தது. ஆனால் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் அரை லிட்டர்ப் புட்டியிலும் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கக்கூடும். ஆகவே உறையில் 'ஜும்லா கூலா', அதாவது மொத்தச் சர்க்கரை, என்ற வரியைப் படித்துப் புட்டியின் அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். பாலம் கடந்தால் சிங்கப்பூரில் 2022 இறுதியிலிருந்து பானங்களின் மீது ஏ முதல் டி வரை தர எழுத்து அச்சிடப்படுகிறது. அங்கே அன்றாடம் வேலைக்குப் போய்வரும் ஜொகூர்வாசிகள் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

தட்டைப் பொறுத்தவரை மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறை எளியது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரதம், பாதி காய்கறியும் பழமும். இதற்கு விலையுயர்ந்த பழுப்பரிசியோ ஓட்ஸோ கட்டாயமில்லை. அதே வெள்ளைச் சோற்றை அளவாக வைத்து, கெம்போங் மீன் எனப்படும் கானாங்கெளுத்தியையும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயையும், கங்குங் கீரையையும் கூட்டினாலே போதும். பாசிப்பயற்றைத் தேங்காய்ப்பாலும் பாகும் ஊற்றிக் கஞ்சியாக்காமல் சுண்டலாகத் தாளித்தால், அதே காசில் மாலைப் பசி அடங்கும். ஜொகூரின் பூலாய்த் தொகுதியைச் சேர்ந்த அப்போதைய அமைச்சர் சலாவுடின் அயூப் 2023 ஜனவரியில் தொடங்கிய 'மெனு ரஹ்மா' திட்டம் 5 ரிங்கிட்டுக்குள் ஒருவேளை உணவு கிடைக்க வழிசெய்தது. அத்தகைய தட்டின் பக்கத்தில் ஐஸ் சிராப் என்ற இனிப்புப் பானத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்தால் காசும் சர்க்கரையும் ஒருங்கே மிச்சமாகும்.

ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றையும் இனிப்பையும் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்த்து நடுங்கி மயங்கிவிழ நேரலாம். அத்தகையோர் முதலில் 1 ரிங்கிட் கட்டணத்தில் குடிமக்களைப் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, தாம் எதை எவ்வளவு குறைக்கப்போகிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடுக்கம் தொடங்கியதுமே வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் சில மிட்டாய்கள் வைத்திருப்பதும் அவசியம்.