பட்டி மாடுகளில் நொண்டுதல்: அறிதலும் பரிகாரமும் தடுத்தலும்

நெடுந்தீவின் குதிரைக்கும், மன்னாரின் கழுதைக்கும், திருகோணமலையின் பட்டி மாட்டிற்கும் பிழைப்புக்கு ஆதாரம் காலின் நலமேயாகும். தொழுவத்திற் கட்டி வளர்க்கப்படும் பசு நொண்டினாலும், புல்லும் தண்ணீரும் அதன் முன்னே வைக்கப்படும். மேய்ச்சலை நம்பி வாழும் விலங்கிற்கு அவ்வசதி இல்லை.

திருகோணமலை மாவட்டத்தில் உழவும் சூடு மிதித்தலும் இன்று பெரும்பாலும் இயந்திரங்களால் நடைபெறுகின்றன. ஆயினும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் முதலிய பகுதிகளில் மாடும் எருமையும் பாலுக்காகவும் தயிருக்காகவும் பட்டிகளாக வளர்க்கப்படுகின்றன. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் வயல்வெளிகளை விட்டு அப்பாலுள்ள மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்படுகின்றன. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள பெருமழையும் அக்காலத்திலேயே பெய்கின்றது. நெடுநடையும் சேறும் ஒருங்கே சேரும் இம்மாதங்களில் நொண்டும் மாடு பட்டிக்குப் பின்தங்கும், மேய்ச்சல் குறையும், பால் வற்றும், ஈற்றில் மாடே இழக்கப்படும்.

நொண்டுதல் தனியொரு நோயன்று. பல நோய்களின் அடையாளமாகும். குளம்பில் தைத்த முள்ளும், பட்டி முழுவதையும் பற்றக்கூடிய தொற்றும் முதல் நாளில் ஒரே விதமாகத் தோன்றலாம். ஆதலால் மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

நோவுள்ள காலை அறிதல்

மாட்டைச் சமமான கெட்டித் தரையில் மெதுவாக நடத்திப் பார்த்தல் வேண்டும். முன்னங்காலில் நோவிருப்பின், அக்கால் நிலத்திற் படும்போது மாடு தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். குதிரையிலும் முன்னங்கால் நோவை இவ்வாறே அறிவர். பின்னங்காலில் நோவிருப்பின் முதுகை வளைத்து, அடியைக் குறுக்கி வைக்கும்.

மாடுகளில் நொண்டுதல் பெரும்பாலும் குளம்பிலேயே தொடங்குகின்றது. எனவே தோளையும் தொடையையும் ஆராயுமுன் குளம்பைக் கழுவிப் பார்த்தல் வேண்டும். மாட்டை மரத்தோடு நன்கு கட்டி, ஒருவர் துணையுடன் காலைக் கயிற்றால் உயர்த்தி, குளம்புப் பிளவிலே கல், முள், ஆணி, கண்ணாடித் துண்டு உண்டோ என ஆராய்க. துறைமுகப் பட்டினத்தின் தெருக்களிலும் கடற்கரையிலும் திரியும் மாடுகளில், கணுக்காலைச் சுற்றி இறுகிய நைலோன் நூலையும் தேடுக. வீக்கம் நூலை மறைத்துவிடும். பின்னர் இரு கால்களின் குளம்புகளையும் தொட்டு, எது அதிகம் சுடுகின்றது என ஒப்பிடுக.

காய்ச்சலோடு கூடிய நொண்டுதல்

1. கால்வாய் நோய்: பல மாடுகள் அடுத்தடுத்து நொண்டும். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகும். நாக்கிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளங்கள் தோன்றி உடையும். நோய் தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் குறிகள் வெளிப்படும். வளர்ந்த மாடு பெரும்பாலும் தேறிவிடும். இளங்கன்றுகள் திடீரென இறக்கக்கூடும். 2014 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையிற் பெருமளவிற் பரவியது.

2. சப்பை நோய்: 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள, நன்கு கொழுத்த கன்றுகளையே பெரும்பாலும் பற்றும். தொடை அல்லது தோள் வீங்கும். வீக்கத்தை அழுத்தினால் நறநறவென ஒலிக்கும். ஓரிரு நாளில் மரணம் நேரலாம். இறந்த உடலை வெட்டாமலும் தோலுரிக்காமலும் ஆழமாகப் புதைத்தல் வேண்டும்.

3. மூன்று நாட் காய்ச்சல்: நொண்டுதல் ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறும். நிழலும் தண்ணீரும் கொடுத்து ஓய்வளித்தால் பெரும்பாலும் மூன்று நாளிற் குணமாகும்.

முதலிரண்டில் எதுவாயினும் அன்றே கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பட்டியை வேறிடத்திற்குச் சாய்த்தலும், நொண்டும் மாட்டை அவசரமாக விற்றலும் நோயை அயலூர்களுக்கு அனுப்புவதாகும்.

காயத்திற்கு முதலுதவி

இரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை வைத்து 10 முதல் 15 நிமிடம் விடாது அழுத்துக. கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் 2 தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் புண்ணைக் கழுவி, அயடீன் இடுக. வேப்பெண்ணெயைச் சுற்றிலும் பூசினால் ஈக்கள் அண்டா. புழு வைத்த புண்ணில் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெயை இட்டு, வெளிவரும் புழுக்களைச் சாவணத்தால் அகற்றுக.

ஆணியைப் பிடுங்கும்போது அது தைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்க. வைத்தியர் அவற்றைக் கேட்பார். குளம்பிற்கு மேலே வீக்கமும் பிளவிலே துர்நாற்றமும் இருப்பின் அது குளம்பழுகல். அதற்கு ஊசி மருந்து தேவை. எலும்பு முறிந்த மாட்டை நடத்தலாகாது.

சூட்டுக்கோலால் சுடுதல், கழிவெண்ணெய் பூசுதல், சாணம் அப்புதல் ஆகியவை புண்ணைப் பெரிதாக்கும். மனிதருக்குரிய நோவு மாத்திரைகளை மாட்டிற்குக் கொடுத்தலாகாது. ஊசி மருந்து பெற்ற பசுவின் பாலை, வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை விற்றலும் குடித்தலும் கூடா.

வருமுன் காத்தல்

மழைக்கு முன்னரே, செப்டெம்பர் மாதத்தில், பட்டிக்கு மேட்டு நிலத்தைத் தெரிந்து மணலோ சரளையோ பரப்புக. சேறு மிகுந்தால் பட்டியை இடம் மாற்றுக. கால்வாய் நோய்க்கும் சப்பை நோய்க்கும் உரிய தடுப்பூசிகளை நெடுநடை தொடங்குமுன் ஏற்றுவித்தல் நன்று. புதிதாக வாங்கிய மாட்டை 21 நாட்கள் புறம்பாகக் கட்டிவைக்க. பட்டியைச் சாய்க்கும்போது கன்றுகளினதும் சினை மாடுகளினதும் நடைக்கேற்பச் செல்க.

குளம்பழுகல் கண்ட பட்டிக்கு 100 லீற்றர் நீரில் 5 கிலோகிராம் மயில்துத்தம் கரைத்து, ஆழமற்ற தொட்டியில் நிரப்பி, சேறு கழுவிய கால்களுடன் மாடுகளை அதனூடே நடத்துக. இக்கரைசல் நஞ்சாகும்; மாடு குடிக்கவிடலாகாது. மிஞ்சியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாது, கிணற்றிற்கு எட்டத்தில் குழி தோண்டி ஊற்றுக.

மாலையிற் பட்டி திரும்பும்போது, கமக்காரர் மாடுகளின் எண்ணிக்கையோடு அவற்றின் நடையையும் நோக்குதல் வேண்டும். பின்தங்கி வரும் மாட்டை அன்று மாலையே பிடித்துக் குளம்பைப் பார்த்தால், முள்ளாயின் அது எளிதில் நீங்கும். தொற்றாயின் பட்டியும் அயலும் காக்கப்படும்.