மருத்துவமனைத் தூய்மைப் பணி: வேலையில் சேரும் முன் தெரிய வேண்டியவை

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிர் காய்ச்சல் வரும், தையல் போட்ட இடத்தில் சீழ் கோக்கும். அவர் எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அது இதுவல்ல. உள்ளே வந்த பிறகு பிடித்த தொற்று இது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் படுக்கும் நோயாளிகளில் 100 பேருக்குச் சராசரியாக 7 பேர் பணக்கார நாடுகளிலும், 15 பேர் நம்மைப் போன்ற நாடுகளிலும் இப்படி ஏதாவது ஒரு தொற்றுக்கு ஆளாகிறார்கள்.

இந்தத் தொற்றுகளில் பெரும் பகுதியைத் தடுக்க முடியும். அதற்கு வேண்டியவை சுத்தமான கை, சுத்தமான கருவி, சுத்தமான படுக்கை, முறையாகப் பிரித்த கழிவு. இவற்றைச் செய்து முடிப்பவர்களில் பலர் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களும், பிள்ளையையோ மனைவியையோ இந்த வேலைக்கு அனுப்பும் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கிருமி எப்படி இடம் மாறுகிறது?

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த வார்டைவிட டாக்டர்கள் பார்த்த வார்டில் தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். டாக்டர்கள் பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். சாவு எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. இன்றைக்கும் பல இடங்களில் வார்டு தரையைத் துடைக்கும் வாளியில் இருக்கும் கிருமிநாசினி அதே குளோரின் வகையைச் சேர்ந்ததுதான்.

கை மட்டும் இல்லை, பொருட்களும் கிருமியைச் சுமக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொல்லை தரும் அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில்கூட நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் முந்தைய நோயாளிக்கு இருந்த தொற்று, அதே படுக்கைக்கு அடுத்து வருபவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே நின்று இந்தச் சங்கிலியை அறுப்பவர் அந்தப் படுக்கையைத் துடைப்பவர்.

என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

• ஹவுஸ்கீப்பிங் பணியாளர்: வார்டு, ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு, கழிப்பறை ஆகியவற்றின் சுத்தம். எட்டாவது, பத்தாவது படித்தவர்களை எடுக்கிறார்கள். ரசாயனப் பாட்டில் லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பெரிய பலம்.

• நோயாளி உதவியாளர்: நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பது. இதற்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்ற குறுகிய காலப் பயிற்சி இருக்கிறது.

• சி.எஸ்.எஸ்.டி. உதவியாளர்: அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, பொதிந்து, ஆட்டோகிளேவில் ஏற்றும் பிரிவு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள்.

• சலவைப் பிரிவு: ரத்தமும் சீழும் பட்ட துணியை உதறாமல், படுக்கையருகிலேயே பையில் கட்டி எடுத்து, சூடான நீரில் துவைப்பது.

• மருத்துவக் கழிவுப் பணியாளர்: வார்டில் பிரித்த கழிவை எடைபோட்டு, பார்கோடு ஒட்டி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டியில் ஏற்றுவது.

இவற்றுள் சி.எஸ்.எஸ்.டி. பற்றி வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அங்கே அழுக்குக் கருவி ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் சுத்தமாக வெளியேற வேண்டும். எதிர்த் திசையில் எதுவும் போகக் கூடாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் சுமார் 15 முதல் 20 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம் கருவிகள் வேக வேண்டும். பொதியின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்துவிட்டால் கிருமி செத்துவிட்டது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அந்தப் பொதி சூட்டுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டுமே டேப் சாட்சி. உள்ளே கிருமி செத்ததா என்பதை உறுதிசெய்ய, எளிதில் சாகாத ஒரு கிருமியின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியையும் சேர்த்து வைத்துச் சோதிப்பார்கள். இதையெல்லாம் பொறுமையாகக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்ற பிரிவு இது.

துடைப்பதற்கும் முறை உண்டு

வீட்டைப் பெருக்கித் துடைக்கத் தெரிந்தவருக்கு வார்டைத் துடைப்பது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. வார்டில் விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது. தூசியோடு கிருமியும் எழும்பிப் புண்ணில் போய் விழும். ஈர மாப் மட்டும்தான். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, மேலிருந்து கீழே, அறையின் உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி என்பதே வரிசை. பல இடங்களில் மூன்று வாளி முறை இருக்கிறது: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசும் தண்ணீர், ஒன்றில் கிருமிநாசினி. அழுக்கு மாப்பை நேராகக் கிருமிநாசினி வாளியில் முக்கினால் அந்த மருந்தின் வீரியம் போய்விடும்.

ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் படுக்கையைத் தயார் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல பயிற்சி பெற்ற பணியாளர் மெத்தையின் இரு பக்கமும் துடைப்பார். பக்கவாட்டுக் கம்பியின் மேல்புறத்தோடு நிறுத்தாமல், நோயாளியின் விரல்கள் பிடிக்கும் அடிப்புறத்தையும் துடைப்பார். கட்டிலைத் தூக்கி இறக்கும் கைப்பிடி, அழைப்பு மணியின் வயர், குளுக்கோஸ் ஸ்டாண்டின் நடுக்குமிழ், லாக்கர் பிடி, ஸ்விட்ச், குழாய்த் திருகு என்று கை படும் ஒவ்வோர் இடமாகப் போவார். ஒரு துணி அழுக்கானதும் மடிப்பை மாற்றுவார், எல்லா மடிப்பும் முடிந்ததும் துணியையே மாற்றுவார். சில மருத்துவமனைகளில் சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரியாத ஜெல்லை இந்த இடங்களில் முன்கூட்டியே தடவி வைத்துவிட்டு, பிறகு புற ஊதா விளக்கடித்துப் பார்ப்பார். துடைக்காத இடம் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.

பினாயில் வாசனை தூக்கலாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. மருந்தின் அளவும் அது பரப்பில் ஈரமாக நிற்கும் நேரமும்தான் முக்கியம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 200 மில்லியில் 800 மில்லி தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். வெயிலிலும் சூட்டிலும் அதன் வீரியம் குறையும். ரத்தம் சிந்தினால் முதலில் கையுறை. பிறகு உறிஞ்சும் காகிதத்தையோ பஞ்சையோ போட்டு மூடி, 1 சதவீதக் கரைசலை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டு, அப்புறம் அள்ளி மஞ்சள் பையில் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. கழிப்பறைக் கறைக்கு ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கி ஆளையே சாய்த்துவிடும்.

நான்கு நிறம், நான்கு பொறுப்பு

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. அவற்றின்படி கழிவைப் போட வேண்டிய பை, டப்பாக்களின் நிறங்கள்:

• மஞ்சள்: ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் பாகங்கள், காலாவதியான மருந்து.

• சிவப்பு: குளுக்கோஸ் டியூப், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை.

• வெள்ளை: ஊசி, பிளேடு. குத்தித் துளைக்க முடியாத, ஒளி ஊடுருவும் டப்பா.

• நீலம்: உடைந்த கண்ணாடி, மருந்துக் குப்பிகள், உடலில் பொருத்தும் உலோகங்கள்.

சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கழிவைப் பிரிப்பது கீழே கொண்டுபோன பிறகு நடக்கும் வேலை அல்ல. உண்டாகும் இடத்திலேயே நடக்க வேண்டும். நர்ஸோ டாக்டரோ ஊசியைத் தவறான பையில் போட்டால் குத்து வாங்குவது பையைத் தூக்கும் பணியாளரின் தொடை. ஆகவே பிரிக்கும் பொறுப்பு ஊசி போட்டவருக்கே உரியது.

ஊசி குத்திவிட்டால்

இந்த வேலையின் முதல் ஆபத்து ஊசிக் குத்து. நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, பணியாளர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், ஒரு குத்திலேயே தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்துச் சப்பக் கூடாது, ப்ளீச்சில் முக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சூப்பர்வைசரிடமும் அவசரப் பிரிவிலும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள், வேலை போய்விடும் என்று பயந்து பலர் மறைத்துவிடுகிறார்கள். மறைப்பதால் கைவிட்டுப் போவது சிகிச்சைக்குரிய அந்த 72 மணி நேரம்தான்.

சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்

பல மருத்துவமனைகள், அரசு மருத்துவமனைகள் உட்பட, தூய்மைப் பணியை ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டிருக்கின்றன. ஆகவே வேலை பார்ப்பது ஓரிடம், சம்பளம் வருவது வேறிடம். கையெழுத்துப் போடும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

• ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி இலவசமாகப் போடுவீர்களா? மருத்துவக் கழிவைக் கையாள்பவர்களுக்கு இதைப் போடும் கடமையை 2016 விதிகள் மருத்துவமனை மீதே சுமத்துகின்றன.

• வேலையில் சேரும்போதும், ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனையும் பயிற்சியும் உண்டா? இதுவும் அதே விதிகளில் இருக்கிறது.

• தடித்த கையுறை, முகக்கவசம், முன்னங்கி, பூட்ஸ் தருவீர்களா? கிழிந்தால் மாற்றித் தருவீர்களா?

• இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மேலே போகும் வழி

துடைப்பத்தோடு தொடங்கும் வேலை துடைப்பத்தோடு முடிய வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் குறிப்பேடு எழுதும் பழக்கமும் இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம். சி.எஸ்.எஸ்.டி. உதவியாளர் பயிற்சி பெற்று டெக்னீஷியன் ஆகலாம். பன்னிரண்டாவது முடித்தவர்கள் சுகாதார ஆய்வாளர் படிப்புக்கோ ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்புக்கோ முயலலாம். செவிலியர் படிப்பு முடித்தால் தொற்றுக் கட்டுப்பாட்டு செவிலியர் என்ற பொறுப்பு காத்திருக்கிறது. 250 படுக்கைக்குக் குறைந்தது ஒரு முழுநேரத் தொற்றுக் கட்டுப்பாட்டு நிபுணர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய காயகல்ப் விருதுத் திட்டமும், என்.ஏ.பி.எச். தரச் சான்றிதழும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பெண் வைத்துச் சோதிப்பதால், வேலை தெரிந்த ஆட்களைத் தக்கவைக்கும் தேவை மருத்துவமனைகளுக்கு இருக்கிறது.

மரியாதையும் தொற்றுத் தடுப்புதான்

நம் ஊரில் இந்த வேலையைக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் காலம் காலமாகக் கட்டிவைத்தோம். அந்தப் பார்வை இன்னும் வார்டுகளில் உலவுகிறது. தூய்மைப் பணியாளர்களை ஒருமையில் அழைப்பது, அவர்கள் சாப்பிட ஓர் அறைகூட ஒதுக்காதது, கழிவு அறையிலேயே உடை மாற்றச் சொல்வது எல்லாம் அதன் தொடர்ச்சி. இது நியாயத்துக்கும் கேடு, மருத்துவத்துக்கும் கேடு. "சார், இந்தப் பையில் ஊசி கிடக்கிறது" என்று பயமில்லாமல் டாக்டரிடம் சொல்ல முடிகிற பணியாளர் இருக்கும் வார்டில் தொற்று குறையும். சொன்னால் வேலை போய்விடும் என்ற நிலை இருந்தால், யாரும் சொல்லமாட்டார்கள்.

நோயாளியோடு தங்குபவர்களுக்கும் பங்கு உண்டு. ஊசியையும் பஞ்சையும் சாப்பாட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள். தரை காயும் வரை மிதிக்காதீர்கள். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் 20 முதல் 30 விநாடி ஹேண்ட் ரப்பால் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கையில் அழுக்குத் தெரிந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சில வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசைவதில்லை.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரே கோரிக்கை. புதிய ஸ்கேன் மெஷின் வாங்கும் பட்ஜெட்டில் ஒரு சிறு பகுதியைத் தூய்மைப் பணியாளரின் பயிற்சிக்கும் தடுப்பூசிக்கும் நியாயமான சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களே, சிகிச்சையின் ஒரு பகுதியைச் செய்யத்தான் நீங்கள் வருகிறீர்கள். தடுப்பூசி, கையுறை, பயிற்சி மூன்றையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அவை உங்களையும் காக்கும், நீங்கள் துடைத்த படுக்கையில் வந்து படுப்பவரையும் காக்கும்.