பாறையைக் குடைந்த தலைநகர்

ஐரோப்பியத் தலைநகர்களைக் காணப் புறப்படுவோர் இலண்டனையும் பாரிசையும் உரோமாபுரியையுமே பெரும்பாலும் மனத்திற் கொள்வர். மத்தியதரைக் கடலின் நடுவே மால்டாத் தீவின் தலைநகராக விளங்கும் வலெற்றாவை எண்ணுவோர் சிலரே. ஐரோப்பிய ஒன்றியத்துத் தலைநகர்களுள் மிகச் சிறியது இதுவே. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளம். அகலம் அதனினும் குறைவு. காலையுணவு முடித்துப் புறப்படும் ஒருவர் மதியத்துக்குள் நகரின் இரு கோடிகளையும் கண்டு மீண்டுவிடலாம். ஆயினும் வலெற்றாவைக் கண்டுவிட்டோம் என்று அவர் சொல்லிக்கொள்ள இயலாது. இந்நகரின் ஒரு பகுதி நிலத்தின் கீழே இருக்கின்றது.

நகர வாயிலைக் கடந்து குடியரசு வீதியில் நடந்தோம். வீதிகள் யாவும் சதுரங்கப் பலகையின் கோடுகளைப் போல நேராக ஓடுகின்றன. கடலை நோக்கிச் சரியும் குறுக்கு வீதிகள் பல வெறும் படிக்கட்டுகளே. இருமருங்கும் தேன்நிறச் சுண்ணக்கல் மாளிகைகள். அவற்றின் முகப்பிலே பச்சையும் சிவப்பும் தீட்டிய மர மாடங்கள்.

இந்நகர் பிறந்த வரலாறு துயரத்தில் தொடங்குகின்றது. 1565ஆம் ஆண்டு துருக்கியப் பெரும்படை தீவை முற்றுகையிட்டது. புனித அருளப்பர் சபையின் வீரத்துறவிகளும் தீவு மக்களும் ஏறக்குறைய நான்கு மாதங்கள் எதிர்த்து நின்று பிழைத்தனர். மறு ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, சபைத் தலைவர் ஜான் டி வலெற் புதுநகருக்கு அடிக்கல் நாட்டினார். நகர் முற்றுப்பெறுவதைக் காணாமலே 1568இல் அவர் மறைந்தார். அவருடைய பெயர் நகரின் பெயராயிற்று.

மால்டாவில் என்றும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழையே கதி, நிலமோ சுண்ணக்கல். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் தம் மனையிலே நீர்த்தொட்டி ஒன்று அமைத்தல் வேண்டும் என நகர அமைப்பாளர் விதி செய்தனர். அடியிலிருந்து வெட்டியெடுத்த கல் சுவராக உயர்ந்தது. வெட்டிய பள்ளம் மழைநீரைத் தேக்கியது. தொலைவிலிருந்து நீர் கொணரும் கால்வாய் 1615இல் நகரை எட்டும்வரை இத்தொட்டிகளே பெரிதும் தாகம் தீர்த்தன.

ஸ்நாபக அருளப்பர் பேராலயமும் தன் செல்வத்தை உள்ளேதான் வைத்திருக்கின்றது. வெளியே கோட்டை போன்ற வெறுஞ்சுவர். உள்ளே பொன்வேலைப்பாடும், வண்ணச் சலவைக்கற் கல்லறைகள் பரவிய தளமும். கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய அருளப்பர் சிரச்சேத ஓவியம் இங்கே உளது. அவர் தம் பெயரைப் பொறித்த ஓவியம் இது ஒன்றே. அதனையும் சிந்திய குருதியின் நிறத்திலேயே பொறித்துள்ளார்.

நாம் தங்கிய இல்லத்து மூதாட்டியார் ஒரு மாலை எம்மை நிலவறைக்கு அழைத்துச் சென்றார். தொட்டியின் மூடியை அகற்றிக் காட்டினார். இருளிலே நீர் மினுங்கிற்று. தம் மொழியில் அதனை 'இல்மா' என்றார். அரபுக் குடும்பத்துப் பேச்சை உரோம எழுத்தில் எழுதும் மக்கள் இவர்கள். அருகே பாறையிற் குடைந்த சிற்றறை ஒன்றும் இருந்தது. "இதனை என் பாட்டனார் கையாலே வெட்டினார், ஐயா. மேலே வீடு இடிந்து விழுந்த இரவு, என் தாயார் இங்கே இருந்தார்கள்" என்றார்.

அது இரண்டாவது முற்றுகை. 1940 ஜூன் 11ஆம் திகதி முதற் குண்டு விழுந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மக்கள் பட்டினியின் விளிம்புக்கு வந்தனர். 1942 ஏப்ரலில் தீவு முழுவதற்குமே ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, சிதைந்த 'ஒகையோ' எண்ணெய்க் கப்பலை இரு போர்க்கப்பல்கள் பக்கத்தே அணைத்துத் துறைமுகத்துட் கொணர்ந்தன.

1942 ஏப்ரல் 7இல் குண்டுபட்டு அழிந்த இசைநாடக அரங்கின் தூண்கள் இன்றும் நகர வாயிலருகே நிற்கின்றன. எழுபது ஆண்டுகள் வரை அதனை என் செய்வது என்று வாதிட்டனர். பழையபடி கட்டவுமில்லை, முற்றாக இடிக்கவுமில்லை. 2013இல் அச்சிதைவுகளுக்கு நடுவே திறந்தவெளி அரங்கு அமைத்தனர்.

விடைபெறும் நாளன்று மேற்புறப் பரக்காப் பூங்காவில் நின்றோம். நண்பகற் பீரங்கி முழங்கிற்று. அருகே பந்தாடிய சிறுவர் திரும்பியும் பார்க்கவில்லை. அம்முழக்கம் அவர்களுக்கு உணவு வேளையை அறிவிக்கும் ஒலி மட்டுமே. நிலவறையில் அமர்ந்து அதே ஓசையை எண்ணிய சிறுமியை நினைத்துக்கொண்டு படியிறங்கினோம்.