பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்: மடிநோய்க்கு மருந்தாகுமா?

காலையில் பால் கறக்க உட்காருகிறீர்கள். ஒரு காம்பில் மட்டும் பால் திரிதிரியாக வருகிறது. மடி இறுகிச் சூடாக இருக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போடுகிறார், காம்புக்குள் மருந்து ஏற்றுகிறார். போன ஈற்றில் மூன்றே நாளில் சரியானது, இந்த முறை ஒரு வாரமாகியும் தீரவில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்ற முடியவில்லை. கடைசியில் அந்தக் காம்பே அடைத்துப்போகிறது.

“முன்னெல்லாம் கேட்ட மருந்து இப்ப ஏன் சார் கேக்க மாட்டேங்குது?” பயிற்சி முகாம்களில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. நான் உழவியல் படித்தவன். மாட்டுக்கு வைத்தியம் சொல்வது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால், மாட்டுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறி, எருக்குழி வழியாக வயலுக்கு வருகிறது. அதனால் மண்ணைப் பார்க்கிறவனுக்கும் இதில் கவலை உண்டு.

ஏன் மருந்து கேட்பதில்லை?

ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாகும். மருந்தைத் தாங்கும் திறன் கொண்ட சில மட்டும் பிழைக்கும். தேவையில்லாமலும் அடிக்கடியும் மருந்து கொடுக்கக் கொடுக்க, பிழைத்த அந்தச் சிலதான் பெருகி நிற்கும். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது இந்த ஆபத்தினால்தான். மாற்று வழிகளைத் தேடும் விஞ்ஞானிகள் இன்று மீண்டும் கையில் எடுத்திருப்பது ‘ஃபேஜ்’ சிகிச்சை.

ஃபேஜ் என்றால் என்ன?

பாக்டீரியாவுக்கும் வைரஸ் நோய் வரும். பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் அந்த வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ், அதாவது ‘பாக்டீரியாவைத் தின்பது’ என்று பெயர். சுருக்கமாக ஃபேஜ். உங்கள் எருக்குழி, சாக்கடை, குளத்து நீர், மாட்டின் குடல் என எங்கும் இது நிறைந்திருக்கிறது.

ஃபேஜ் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். பிறகு அந்தப் பாக்டீரியாவையே பட்டறையாக்கித் தன்னைப் போன்ற வைரஸ்களை உருவாக்கும். ஈ.கோலையைத் தாக்கும் சில ஃபேஜ்கள், சுமார் அரை மணி நேரத்தில் நூறு அல்லது அதற்கும் மேலாகப் பெருகி, பாக்டீரியாவை வெடிக்கவைத்து வெளியேறும். கிருமி தீர்ந்தால் ஃபேஜ் பெருக வழியில்லை, தானாகக் குறைந்துவிடும். மாட்டின் செல்லையோ மனிதரின் செல்லையோ இது தாக்குவதில்லை.

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஒரு ஃபேஜ் குறிப்பிட்ட வகை பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் தப்புவது இதன் பலம். என்ன கிருமி என்று தெரியாமல் கொடுத்தால் பயனில்லை என்பது பலவீனம்.

கோழியில் தொடங்கிய கதை

1915-இல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ட்வார்ட்டும், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெலும் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தனர். 1919-இல் டெரெல் அதை முதலில் பயன்படுத்திப் பார்த்த இடங்களில் ஒன்று, டைபாய்டு நோய் பரவிய பிரான்ஸ் நாட்டுக் கோழிப் பண்ணைகள். பென்சிலின் கண்டறியப்பட்டது 1928-இல்தான். ஆன்டிபயாடிக் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் மேற்கு நாடுகள் ஃபேஜைக் கைவிட்டன. ஜார்ஜியா நாட்டின் எலியாவா நிறுவனம் போன்ற சில இடங்களில் மட்டும் அந்த வேலை தொடர்ந்தது.

1983-இல் இங்கிலாந்தின் வில்லியம்ஸ் ஸ்மித், ஹக்கின்ஸ் ஆகியோர், ஈ.கோலையால் கழிச்சல் கண்ட கன்று, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டிகளில் ஃபேஜ் பலன் தருவதைக் காட்டினர். கன்றுகளில் ஃபேஜுக்குத் தப்பிய பாக்டீரியாக்களும் தோன்றின. ஆனால் அவற்றுக்கு நோய் உண்டாக்கும் வீரியம் குறைந்திருந்தது. ஃபேஜ் ஒட்டும் மேலுறையைக் கழற்றினால்தான் கிருமி தப்ப முடியும். அதன் வீரியமோ அந்த மேலுறையில்தான் இருந்தது.

மடியில் என்ன சிக்கல்?

வெளியே தெரியாத மடிநோய் கொண்ட கறவை மாடுகளில் கனடா விஞ்ஞானிகள் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஃபேஜ் ஏற்றிய 18 மடிக் கால்பகுதிகளில் 3 மட்டுமே குணமாயின. உப்புக் கரைசல் மட்டும் ஏற்றிய 20-இல் ஒன்றும் குணமாகவில்லை. பாலில் உள்ள புரதங்கள் பாக்டீரியாவின் மேல் படிந்து, ஃபேஜை ஒட்டவிடாமல் தடுத்ததே பெரிய முட்டுக்கட்டை.

கொடுக்கும் வழியும் முக்கியம். அமெரிக்காவில் கறிக்கோழிகளின் ஈ.கோலை நோய்க்கு ஃபேஜை ஊசியாகச் செலுத்தியபோது பாதுகாப்புக் கிடைத்தது, குடிநீரில் கலந்து கொடுத்தபோது கிடைக்கவில்லை. ஆகவே மடிநோய்க்கு ஃபேஜ் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நாளைக்கே உங்கள் கொட்டகைக்கு வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று நீங்கள் செய்யக்கூடியவை

* ‘ஃபேஜ் மருந்து’ என்று யாராவது பாட்டிலை நீட்டினால், எந்தக் கிருமிக்கு, எந்தக் கால்நடைக்கு, அரசு உரிமம் உண்டா என்று கேளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சாண நீரில் ஃபேஜ் இருக்கிறது என்று வீட்டில் தயாரிக்கவும் முயலாதீர்கள். சில ஃபேஜ்கள் நச்சு உண்டாக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும்.

* முதல் ஊசி போடும் முன்பே பால் மாதிரி எடுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து, முதல் சில பீச்சுகளைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது தெரிந்துவிடும்.

* கறந்து முடித்ததும் காம்புகளைக் காம்பு முக்கும் அயோடின் கரைசலில் முக்குங்கள். உடனே தீவனம் போட்டால் மாடு அரை மணி நேரம் படுக்காமல் நிற்கும். அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும்.

* நோய் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்பனைக்கு ஊற்றாதீர்கள்.

நாளை ஃபேஜ் மருந்து வந்தாலும், “என்ன கிருமி?” என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு மருந்து கொடுக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கினால், கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்கும் இன்னும் சில காலம் நமக்குக் கைகொடுக்கும்.