புளிக்குப் பயப்படும் கல்!

என் தங்கையின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். கூடம் முழுக்கச் சந்தன நிறத் தரை. அங்கங்கே மெல்லிய வரிகள், அடைக்கப்பட்ட பொடிப்பொடி ஓட்டைகள். "டிராவர்டைன் கல், அக்கா!" என்றாள் பெருமையாக.

மறுநாள் பார்த்தால் தரையில் குங்குமக் கறை. "எலுமிச்சை மூடியால் தேய், போயிடும்" என்று யோசனை சொன்னது நான்தான். கறை என்னவோ போயிற்று. கூடவே பளபளப்பும் போய், அந்த இடம் வட்டமாக வெளிறிவிட்டது! தங்கை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் படித்தேன்.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா? இந்தக் கல்லும் கிட்டத்தட்ட அப்படிப் பிறந்ததுதான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு, பூமிக்கடியில் உள்ள சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. தண்ணீர் ஊற்றாக வெளியே வந்ததும், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல வாயு பறந்துவிடுகிறது, சுண்ணாம்பு படிகிறது. பாசி, இலைமேலும் படிந்து, அவை மக்கியதும் அந்த இடம் ஓட்டையாக நிற்கிறது.

ரோம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள டிவோலிதான் இந்தக் கல்லுக்குப் பேர் போன ஊர். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியத்திலும், 1656 முதல் 1667 வரை பெர்னினி அமைத்த புனித பேதுரு சதுக்கத்தின் 284 தூண்களிலும் இதே கல்தான்.

துருக்கியில் பாமுக்கலே என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் மலைச்சரிவையே வெள்ளைப் படிக்கட்டாக்கியிருக்கின்றன. 'பஞ்சுக் கோட்டை' என்று பொருள். மேலே ஓட்டல்கள் கட்டித் தண்ணீரைத் திருப்பியதாலும், ஜனங்கள் செருப்புக் காலோடு நடந்ததாலும் வெண்மை மங்கியது. 1988-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. பிறகு ஓட்டல்களை இடித்தார்கள். இன்று அந்தப் படிகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்தக் கல் இருந்தால்:

* எலுமிச்சை, புளி, வினிகர், ஆசிட் கூடவே கூடாது. பாத்திரத்து உப்பைக் கரைக்கும் அதே புளிப்பு, கல்லையும் அரிக்கும்.

* தயிரோ ரசமோ சிந்தினால் தேய்க்காமல் உடனே ஒற்றியெடுத்து, தண்ணீரால் துடையுங்கள்.

* மணல் கீறும். வாசலில் மிதியடி போடுங்கள், தினமும் பெருக்குங்கள்.

* கறை இறங்காமலிருக்க 'சீலர்' பூசுவார்கள். அது கறையைத் தடுக்கும். புளிப்பின் அரிப்பைத் தடுக்காது.

* சமையல் மேடைக்குக் கிரானைட்தான் நல்லது.

வெளிறிய இடத்தைக் கல் மெருகு போடுபவரை வைத்துத்தான் சரிசெய்ய முடியுமாம். அதுவரை தங்கை அங்கே ஒரு கோரைப்பாய் விரித்திருக்கிறாள். சகோதரிகளே, கல்லின் குணம் தெரியாமல் கைவைத்தியம் சொல்லாதீர்கள், என்னைப் போல!