விடுதியும் வீடும்

உட்துறைமுக வீதியிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சென்ற வாரம் என் தங்கையின் மகள் வந்திருந்தாள். உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவில் சித்தியெய்தியவள். விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதுவது என்பதே அவள் கவலை. "பாடம் எங்கும் பாடந்தானே, மாமா. அங்கே வாழ்க்கை எப்படியிருக்கும்? அதைச் சொல்லுங்கள்" என்றாள்.

இசட் புள்ளியும் மாவட்டப் பங்கீடும் முடிவு செய்யப்போகும் ஒன்றுக்கு இத்தனை ஆலோசனை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் கேள்வி நியாயமானது.

நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் நம்மூர் வளாகம் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் தாயின் கையால் உண்ணலாம். அந்த வசதியையே நான் குறையென்பேன். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய வந்தாறுமூலை, கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபின் நமக்கு அண்மையதாயிற்று. யாழ்ப்பாண வளாகம் 1974 இல் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு எழுந்தது. தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே சண்டையிடும் வாழ்வை வேண்டுவோர்க்கு அதனினும் நல்லிடம் இல்லை.

நான் பேராதனைக்குச் சென்றது 1963 இல். வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றிக்கொண்டிருந்த காலம்; சரச்சந்திரவின் 'மனமே'யை அதே திறந்தவெளி அரங்கில் சிங்கள மாணவரோடு தோளுரசியிருந்து பார்த்த காலம். ஆனால், கலைப் பிரிவில் சுயபாஷைப் போதனை வந்துவிட்டதால், விரிவுரைகளுக்கு அவர்கள் ஓர் அறைக்கும் நாங்கள் வேறோர் அறைக்கும் போனோம். ஒருவரையொருவர் கண்டது விடுதியிலேதான். என் அறையில் இருந்தவன் மாத்தறைக்காரன். துறைமுகச் சந்தையில் நான் கற்றிருந்த சிங்களத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான், பிறகு திருத்துவான். மூன்றாண்டில் நான் கற்றவற்றுள் இன்றும் மறவாதது அந்தத் திருத்தமே.

நம்மூர்ச் சந்தையில் மூன்று சமூகத்தாரும் ஒரே மீனுக்குப் பேரம் பேசுகிறோம். நம் பிள்ளைகளோ வெவ்வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள். பதினெட்டு வயதுக்குப் பின்னும் ஓர் அறையில் கூடாவிடின், எப்போது கூடுவார்கள்?

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, "1983 ஐயும் சொல்லுங்கள் அண்ணா" என்றாள். சொன்னேன். அவ்வாண்டு மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வெளியேற நேர்ந்தது. யூலைக் கலவரத்தின் பின் மாத்தறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் உயிரோடிருக்கிறேனா என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. தங்கை கேட்டதற்கு அது விடையாகாது என்பதை அறிவேன். எனினும் அதையும் சொன்னேன்.

பகிடிவதையைப் பற்றியும் அவள் அஞ்சுகிறாள். 1998 இல் தடைச்சட்டம் வந்தது. வழக்கமோ இன்னும் ஒழியவில்லை. இந்த விஷயத்தில் எந்தக் கழகத்துக்கும் நற்சான்று வழங்க நான் தயாராயில்லை. அங்கே பயிலும் நம்மூர்ப் பிள்ளைகளையே விசாரிக்கச் சொன்னேன். உணவு மண்டபத்தில் யார் யாரோடு அமர்கிறார்கள் என்பதையும் கேட்கச் சொன்னேன். கட்டடங்களின் அழகைப் பற்றி எவரும் சொல்லிவிடுவர்.

மருமகள் பேராதனையை முதலாவதாகவும் யாழ்ப்பாணத்தை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறாள். தங்கைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கோணேசபுரியை மேலே ஏற்றும்படி பிள்ளைக்குச் சொல்லச் சொல்லி, நேற்று மாலையும் வந்து போனாள்.